ஏழாம் இலக்கக் காட்சிமேடை

முதலாவது படத்தில் கல்வேலியின் இடைவெளி ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு இருந்தது. இரண்டாவதில் ஒரு மாடு போகலாம். மூன்றாவதில் ஓர் ஆள் போகலாம், அதுவும் வயிற்றை எக்கிக்கொண்டு.

சர்வேஸ்வரன் கணவாய்க் கறி படிந்த வலது கையைத் தூரப் பிடித்தபடி, இடது பெருவிரலால் அந்த மூன்று படங்களையும் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பார்த்தார். மூன்றும் மகள் நிலுஷா போனில் அனுப்பியவை. பதினொன்று இருபதுக்கு ஒன்று, பன்னிரண்டு ஐந்துக்கு ஒன்று, இப்போது ஒன்று. கமராக் கோணம் என்று முதலில் தனக்குத் தானே விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஈடு கிடையாது. ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர், நூலாசிரியர், தீவகச் சுற்றுலா மேம்பாட்டு ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தில் செயலாளர் ஒருவரும் இருந்தார். அவர் போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டார். ஆகவே இப்போது ஒன்றியம் முழுவதும் நெடுந்தீவு இறங்குதுறைச் சாப்பாட்டுக் கடையில் ஒரே கதிரையில் அமர்ந்து சோறு குழைத்துக்கொண்டிருந்தது.

அவருடைய புதிய நூல், யாழ் நகரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இயற்கைக் காட்சியிடங்களைப் பற்றியது. அதற்கு வித்திட்டது கொழும்பிலிருந்து வந்த ஒரு படிவம். அதில் பூங்கா, நீர்வீழ்ச்சி, காட்சிமுனை என்று மூன்று கட்டங்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் மேலேயிருந்து விழுவதென்றால் கூரைத் தாங்கி நிரம்பி வழிய வேண்டும். உயரத்தில் நின்று பார்ப்பதென்றால் பனையில் ஏற வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுப் படிவம் அனுப்புவது அவருடைய முப்பத்திரண்டு வருட அரச சேவையில் நடந்திராத காரியம். தீவுகளில் ஆறு காட்சிமுனைகளைக் கண்டுபிடித்தார். ஆறு என்பது அழைப்பிதழில் எடுபடாது. ஏழாவதைக் கட்டுவித்தார்.

இடம் நெடுந்தீவின் மேற்குக் கரை. அங்கே பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுண்ணாம்போ சீமெந்தோ வைக்காமல், நெஞ்சளவு உயரத்தில் வட்டமாக ஒரு வேலி நின்றது. நெடுந்தீவு முழுக்கக் கல்வேலிதான், அதில் புதுமை இல்லை. ஆனால் எந்த வேலிக்கும் ஒரு கண்டாயம் இருக்கும். ஆள் நுழைகிற ஒரு பொட்டு. மாடு போகாதபடி அதையும் கல்லால் அடைத்திருப்பார்கள். போகிறவர் நாலைந்து கல்லை எடுத்துவைத்துவிட்டு உள்ளே போவார். போனதும் திரும்பி நின்று அதே கற்களைத் தன் கையாலேயே அடுக்குவார். திறந்தவர்தான் அடைக்க வேண்டும். தீவில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். இந்த வட்டத்துக்கு மட்டும் கண்டாயம் இல்லை. உள்ளே பனை இல்லை, கிணறு இல்லை, புல்லுக்கூட இல்லை. சர்வேஸ்வரன் அதை ‘பயன்படுத்தப்படாத வளம்’ என்று குறிப்பெழுதினார்.

வேலியைப் பிரிக்கத் தீவில் கூப்பிட்ட ஐந்து பேருக்கும் ஒரே நாளில் முதுகுநோ வந்தது. பட்டணத்திலிருந்து ஆள் கொண்டுவந்து பன்னிரண்டு அடி பிரித்தார். பிரித்த கல்லைக்கொண்டே உள்ளே கடற்பக்கமாக நாலடி உயரத்தில் ஒரு மேடை. வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் தலைவரின் பட்டங்களே ஐந்து வரி பிடித்ததால் அம்புக்குறிக்கு இடம் கிடைக்கவில்லை.

நூலின் அட்டைக்கு அந்த மேடையில் ஒரு படம் வேண்டுமென்று இன்று காலை மகளை அனுப்பியதும் அவர்தான். அவளுக்கு இருபத்தாறு வயது. தாய் இல்லாத பிள்ளை. கொழும்பில் வேலை, மூன்று நாள் லீவில் வந்தவள்.

“அங்க ஒண்டுமில்லையே அப்பா,” என்று சிரித்தாள்.

“ஒண்டுமில்லாததை ரசிக்கத் தெரியோணும் பிள்ளை. அதுதான் ரசனை.”

“அப்ப உங்கட புத்தகம் நல்லா விக்கும்,” என்று சொல்லிவிட்டு, மஞ்சள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

சர்வேஸ்வரன் மூன்றாவது படத்தை மறுபடி பெருப்பித்தார். முதல் இரண்டும் அவளே கையை நீட்டி எடுத்தவை. முதலாவதில் மேடைமேல் நின்றாள். பின்னால் கடல்கோடு அவளுடைய இடுப்பளவில் கிடந்தது. இரண்டாவதில் அந்தக் கோடு கழுத்துக்கு வந்திருந்தது. மேடை பாதியாகியிருந்தது. மூன்றாவது, வேலிக்கு உள்ளேயிருந்து வெளியே பார்த்து எடுத்த படம். ஒடுங்கிய அந்தப் பொட்டுக்கு அப்பால், வெயிலில், நிலுஷா குனிந்து நின்றாள். இரண்டு கையிலும் ஒரு பவளக்கல்.

இரண்டு கையிலும் கல்.

அப்படியென்றால் இதை எடுத்தது யார்?

இடது பெருவிரலாலேயே அவளை அழைத்தார். நாலாவது மணியில் இணைப்பு வந்தது. மண்சட்டிகள் மோதுகிற மாதிரி ஒரு சத்தம். பவளக்கல் கல்லைப்போலச் சத்தம் போடாது. உள்ளே பொள்ளலாக இருப்பதால் அப்படித்தான் ஒலிக்கும். க்ளக். சற்று நேரம் ஒன்றுமில்லை. க்ளக்.

“பிள்ளை? எங்க நிக்கிறாய்?”

“இங்கதான் அப்பா.” குரல் தூரத்திலிருந்து வந்தது. போனை வேறொருவர் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பத்தடி தள்ளி நின்று பேசுவதுபோல.

“மூண்டு மணிக்குக் கடைசிப் போட். கெதியா வா.”

“இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு.”

“என்ன கிடக்கு? அந்தப் படம் ஆர் எடுத்தது?”

க்ளக். பிறகு, பாடம் ஒப்பிக்கிற சின்னப் பிள்ளையின் குரலில், “உள்ளுக்க நிண்டு எடுக்குது,” என்றாள்.

போனுக்கு மிக அருகில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். தொடர்பு அறுந்தது.

*

சர்வேஸ்வரன் ஓடிப்போய் ஏறியது றஜீபனின் ஓட்டோ, அவளைக் காலையில் கொண்டுபோய் இறக்கிய அதே ஓட்டோ. றஜீபனுக்கு நாற்பது வயது, நாற்பது பேருடைய வாய்.

“தங்கச்சி, பிறகு போன் எடுத்துச் சொல்லுறன் எண்டு என்னைத் திரும்பிப் போகச் சொன்னவ சேர். உங்கட ஏழாம் நம்பருக்குப் போன மாதம் நாலு பேரைக் கொண்டுபோனனான். ஒண்டுமில்லாததைக் காட்ட ஏன் இவ்வளவு தூரம் கொண்டந்தனீர் எண்டு என்னை ஏசிச்சினம்.”

“அவை திரும்பி வந்தவையோ?”

“வராமல்? வழி முழுக்க ஏசிக்கொண்டல்லோ வந்தவை.”

சர்வேஸ்வரனுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. அப்படியென்றால் ஆபத்தான இடமில்லை. பிள்ளை யாரோ உல்லாசப் பயணியிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருப்பாள். கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பாஷனாக இருக்கும். வெள்ளை வெயிலில், இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல்வேலிகள் ஓட, இந்த விளக்கங்கள் ஓட்டோ பாதைக் கிடங்குகளில் விழுந்தெழும்பும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே விழுந்துகொண்டிருந்தன.

மேற்கு வெளியில் மட்டக்குதிரைகள் நின்றன. இருபது முப்பது இருக்கும். ஒன்றும் மேயவில்லை. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, ஒரே திசையைப் பார்த்து நின்றன.

“காத்துக்குத் திரும்பி நிக்குதுகள்,” என்றான் றஜீபன்.

காற்று இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. பாதை முடிகிற இடத்தில் ஓட்டோவைத் திருப்பி நிறுத்தினான். இயந்திரத்தை நிறுத்தவில்லை.

“கூட வாருமன் றஜீபன்.”

“ஏலாது சேர்.”

“ஏன்?”

“நான் இங்க நிண்டு ஹோர்ன் அடிப்பன். மூண்டு தரம் அடிப்பன். அதுக்குள்ள வாங்கோ. மூண்டாவது அடிச்சா நான் நிக்கமாட்டன். பிறகு கோவிக்கக் கூடாது.”

மணி ஒன்று நாற்பது. சர்வேஸ்வரன் தனியே நடந்தார். கால்களுக்குக் கீழே உடைந்த பவளம் நொறுங்கியது. கரையொதுங்கிக் காய்ந்த சாதாளைப் பாசியின் உப்பு நாற்றமும், சூடேறிய கல்லின் எரிந்த மணமும் மூக்கில் ஏறின. கடைசி வீட்டு வளவின் கண்டாயத்தில் ஒரு பெண் நாலு மாடுகளை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனோகரி. அவளை அவருக்குத் தெரியும். மறக்கத்தான் முயன்றிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் திறப்பு விழாவில், வேலியின் பன்னிரண்டு அடி இடைவெளிக்குக் குறுக்கே கட்டிய சிவப்பு நாடாவை அவர் வெட்டி முடித்து, மைக்கைப் பிடித்து இருபதாவது நிமிடம் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த மனோகரி மாட்டுக் கயிற்றோடு வந்து முன்னால் நின்றாள். “ஐயா, திறந்தது நீங்கள். அடைக்கிறது ஆர்?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு பகிடி விட வேண்டுமே. வட்டத்தின் உள்ளே, வெறுமைக்குள், மைக்கைத் திருப்பிச் சொன்னார்: “எனக்கு நேரமில்லையம்மா. என்ர மகளை அனுப்பிறன், அவள் வந்து அடைப்பாள்.” எல்லோரும் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வேலியைச் சுற்றி ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

“மகளைக் கண்டனீரோ?” என்றார் இப்போது.

“காலமை கண்டனான். கல்லுத் தூக்கிக்கொண்டு நிண்டவ. கை எல்லாம் ரத்தம். கூப்பிட்டனான், திரும்பேல்லை.”

“பாத்துக்கொண்டு நிண்டனீரோ? பிடிச்சு இழுத்துக்கொண்டு வரேல்லையோ?”

மனோகரி கல்லைக் கீழே வைக்காமலே அவரைப் பார்த்தாள். “நீங்கள்தானே ஐயா மைக்கில சொன்னனீங்கள், மகளை அனுப்பிறன் எண்டு. சொன்னபடி அனுப்பிப்போட்டியள் எண்டு நினைச்சன்.”

“அங்க உள்ளுக்க ஆர் இருக்கினம்?”

“ஆரெண்டு பாக்கிறதுக்கோ எங்கட ஆக்கள் அடைச்சவை?”

அவள் கடைசிக் கல்லை வைத்தாள். க்ளக். மாடுகளை ஓட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.

முதலாவது ஹோர்ன் கேட்டது.

*

ஓடினார். அறுபது வயதில், பளபளத்த சப்பாத்தோடு, பவளத்தின்மேல் ஓடினார். அறிவிப்புப் பலகை நிமிர்ந்து நின்றது. ஐந்து வரிப் பட்டங்களும் அப்படியே இருந்தன. பலகைக்குப் பின்னால் வேலி. பன்னிரண்டு அடி இடைவெளி இல்லை. ஓர் ஆள் அளவுப் பொட்டு ஒன்றுதான் மீதி. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு குவியல் கல். குவியலின் மேல்கல்லில் ஈரமாக, கறுப்பாக, விரல் அடையாளங்கள்.

“பிள்ளை! நிலுஷா!”

பொட்டின் வழியே பார்த்தார். உள்ளே தரையில் மஞ்சள் சால்வை தெரிந்தது.

யோசிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். கல் வயிற்றைச் சிராய்த்தது. சேட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. உள்ளே விழுந்தார்.

கடலின் சத்தம் நின்றுவிட்டது.

குறையவில்லை. நின்றுவிட்டது. கடல் அறுபது அடியில் கிடந்தது, ஆனால் கதவைச் சாத்தியதுபோல அதன் இரைச்சல் அறவே இல்லை. பல வருடம் பூட்டிக்கிடந்த அலுமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு வாடை, அது இருந்தது. வெட்டவெளியில், வெயிலின் கீழே. வெளியே நெஞ்சளவு நின்ற வேலி, உள்ளே அவர் கையுயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் நின்றது. மேடை இல்லை. மேடை இருந்த இடத்தில் நாற்சதுரமாக வெளிறிய நிலம். அங்கிருந்து பொட்டுவரை நிலுஷாவின் செருப்புத் தடம், நூறு தரம் போய் நூறு தரம் வந்து, வாய்க்கால்போலப் பதிந்து கிடந்தது. அவளைத் தவிர வேறு யாருடைய தடமும் இல்லை.

இல்லை. இருந்தது. வட்டத்தின் நடுவில் இரண்டு பள்ளம். பக்கம் பக்கமாக. யாரோ வெகுகாலம் ஓரிடத்தில் அசையாமல் நின்ற அடையாளம். போகவும் தடமில்லை, வரவும் தடமில்லை.

மஞ்சள் சால்வை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. விருந்தாளியை இருத்த விரித்ததுபோல.

க்ளக்.

பின்னால்.

திரும்பினார். பொட்டின் அடியில் புதிதாக ஒரு கல் இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றை இரண்டு கைகள் வைத்துக்கொண்டிருந்தன. நகம் பெயர்ந்த கைகள். சின்னிவிரலில் தாயின் மோதிரம்.

“பிள்ளை!”

“அப்பா.” அவள் அழுதுகொண்டிருந்தாள். கைகள் அழவில்லை, அவை குனிந்து அடுத்த கல்லை எடுத்தன. “அப்பா, ஏன் உள்ளுக்க போனனீங்கள்? குவியலுக்கு இங்கால குனிஞ்சுகொண்டுதானே நிண்டனான்.”

“நிப்பாட்டு! கல்லைப் போடு பிள்ளை!”

“ஏலாதப்பா. கை என்ர சொல்லைக் கேக்குதில்ல. நீங்கள் சொன்னதாம். மகள் அடைப்பாள் எண்டு நீங்கள் சொன்னதாம். சொல்லிக்கொண்டே நிக்குது.”

“அது பகிடி! பகிடிக்குச் சொன்னனான்!” சர்வேஸ்வரன் திரும்பி வட்டத்தின் வெறுமையைப் பார்த்துக் கத்தினார். “அது பகிடி!”

அவருடைய குரல் வேலியைச் சுற்றிப் போனது. பிந்தித் திரும்பியது.

நடுவில் இருந்த இரண்டு பள்ளங்களும் இப்போது நடுவில் இல்லை. பொட்டுக்குப் பத்தடியில் இருந்தன.

கல்லை இழுத்தார். ஒரு கல் வந்தது. அவள் கை இன்னொன்றை வைத்தது. தள்ளினார். ஒரு மாடு உரசினாலே சரிகிற வேலி அசையவில்லை. முப்பத்திரண்டு வருடம் பேனையைத் தவிர எதையும் தூக்கியிராத விரல்கள் கிழிந்தன. இழுத்தார். வைத்தாள். இழுத்தார். வைத்தாள். அடைப்பு இடுப்பளவுக்கு ஏறியது. நெஞ்சளவுக்கு. பொட்டு ஒரு முகம் அளவுக்கு ஒடுங்கியது. அந்த முகம் அளவில் மகளின் முகம். தலைமயிரில் பவளத் தூள். கீழுதடு கடிபட்டு வீங்கியிருந்தது.

இரண்டாவது ஹோர்ன்.

கடைசி ஓட்டைக்குள் கையை விட்டார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். சூடாக இருந்தது. நாடி துடித்தது.

“விடமாட்டன்,” என்றார். “உன்னை விடமாட்டன் பிள்ளை.”

“அப்பா, கையை எடுங்கோ.”

“விடமாட்டன்.”

“உந்த ஓட்டை ஒண்டுதான் மிச்சம். உதை அடைச்சா என்னை விடுமாம்.” மற்றக் கையில் அவள் கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை முன்னே வந்தது. அவருடைய விரல் முட்டியில் இடித்தது. பின்வாங்கியது. மறுபடி இடித்தது. எலும்பில் பட்டது. “உங்கட கையை உடைச்செண்டாலும் வைக்கும் அப்பா. நான் வைப்பன். என்னை அப்படிச் செய்ய விடாதேங்கோ.”

“உன்னை விடுமோ? வடிவாச் சொன்னதோ?”

“ஓம்.”

“பிறகு ஓடுவியோ? நிக்காமல் ஓடுவியோ?”

“அப்பா…”

“றஜீபன் நிக்கிறான். மூண்டாவது ஹோர்னுக்கு முதல் ஓடோணும். திரும்பிப் பாக்கக் கூடாது. ஆரையும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. விளங்குதோ?”

அவள் தலையாட்டினாள். அவர் தம் வாழ்நாளில் எந்த விழாவிலும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

விரல்களை ஒவ்வொன்றாக விட்டார். மோதிரவிரல் கடைசியாக. கையை இழுத்துக்கொண்டார்.

க்ளக்.

ஒரு வெளிச்சப் புள்ளிகூட மிஞ்சவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தாள். அப்பால் காலடிகள். தடுமாறி. பிறகு ஓடி. பவளம் நொறுங்கி நொறுங்கி, தூரத்தில், இன்னும் தூரத்தில். மூன்றாவது ஹோர்ன் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்ததுபோலக் கேட்டது. அதற்குப் பிறகு ஓட்டோவின் இரைச்சல். அதுவும் போனது.

சர்வேஸ்வரன் நெற்றியைக் கல்லில் வைத்து நின்றார். திரும்பவில்லை. திரும்பினால் பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

வெயில் முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சுடவில்லை. முதுகில் நிழல்.

க்ளிக்.

கல்லின் சத்தமில்லை. படம் எடுக்கிற சத்தம்.

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கிழிந்த விரலால் எடுத்தார். திரையில் ரத்தம் படிந்தது. மகளின் இலக்கத்திலிருந்து நாலாவது படம். சேட்டுத் துணியில் வியர்வை பிடித்த முதுகு. பிடரியில் மயிர் உதிர்ந்த வட்டம். அதற்கு முன்னால் ஒரு பொட்டுக்கூட இல்லாத கல்வேலி.

கொலர்த் தையலில் ஒரு நூல் விட்டிருந்தது. அதுகூடத் தெரிந்தது. அவ்வளவு கிட்ட.